ஏரியை ஆய்வுக்கு எடுக்கும் சூழலியல் மாணவருக்கு: கேள்வி முதல் பரிந்துரை வரை

பயன்பாட்டுச் சூழலியல், சுற்றுச்சூழல் மேலாண்மை முதுகலைப் படிப்பில் மற்ற தாள்களை எப்படியாவது படித்துத் தேறிவிடலாம். கடைசி ஆண்டு ஆய்வுத் திட்டத்தில் அந்த வழி செல்லாது. தமிழ்நாட்டில் பலரும் கல்லூரிக்குப் பக்கத்தில் இருக்கும் ஏரியையோ கண்மாயையோ எடுக்கிறார்கள். நல்ல தேர்வுதான்: போய்வரச் செலவு குறைவு, நீர், தாவரம், பறவை, மண், மனிதர் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். பிறகு நடப்பதுதான் சிக்கல். "இன்ன ஏரியின் நீர்த்தரமும் பல்லுயிர் வளமும்" என்று தலைப்பு வைத்து, ஆய்வகத்தில் என்னென்ன கருவி இருக்கிறதோ அதையெல்லாம் வைத்து அளந்து, கடைசிப் பக்கத்தில் "ஏரியைப் பாதுகாக்க வேண்டும்" என்று முடிப்பார்கள். அதைச் சொல்ல ஒரு சொட்டு நீரைக்கூட அளந்திருக்க வேண்டாம்.

கேள்வியைச் சுருக்குவது

ஒரு கேள்வி தேறுமா என்று பார்க்க எளிய சோதனை: விடை "ஆம்" என்று வந்தால் யாராவது ஒருவர் ஒன்றைச் செய்வார், "இல்லை" என்று வந்தால் வேறொன்றைச் செய்வார் என்றிருக்க வேண்டும். "ஊர்ச் சாக்கடை கலக்கும் மூலையில் விடியற்காலைக் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மி.கி.க்குக் கீழே இறங்குகிறதா?" என்பது அப்படிப்பட்ட கேள்வி. "தூர்வாரிய ஏரிகளின் கரையோரத்தில் நீர்த்தாவர இனங்கள் குறைந்திருக்கின்றனவா?" என்பதும் அப்படியே. 2017இல் குடிமராமத்துத் திட்டம் மறுபடி தொடங்கியதிலிருந்து தூர்வாரப்பட்ட ஏரிகள் ஏராளம். ஒப்பிட ஆள் தேட வேண்டாம்.

இரண்டாவது கேள்வியை எடுப்பவர்கள் வழக்கமாக விழும் குழி ஒன்று உண்டு. தூர்வாரிய ஏரி ஒன்று, வாராத ஏரி ஒன்று, இரண்டிலும் இருபது இருபது மாதிரி; பிறகு இரு சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனை போட்டு வேறுபாடு உறுதி என்று எழுதுவது. உங்களிடம் இருப்பது நாற்பது தரவு இல்லை, இரண்டே ஏரி. அந்த இரண்டும் வேறுபடுவதற்குத் தூர்வாருதல் காரணமா, வரத்துக்கால் நிலை காரணமா, மேலே இருக்கும் கோழிப்பண்ணை காரணமா என்று இந்த எண்கள் சொல்லாது. சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984இல் இதைப் போலிப் பிரதி என்று விளக்கி எழுதினார். தேர்வாளர்கள் இன்றும் முதலில் குத்துவது இங்கேதான். இரண்டு ஏரிகளில் இருபது இருபது இடங்களை அளப்பதைவிட, தூர்வாரியது நான்கு, வாராதது நான்கு என்று எட்டு ஏரிகளில் ஐந்து ஐந்து இடங்களை அளப்பது மேல். உழைப்பு ஒன்றேதான், அலைச்சல்தான் கூடுதல். ஏரி ஒவ்வொன்றுக்கும் சராசரி எடுத்து, எட்டு எண்களை ஒப்பிடுங்கள்.

வேலை இனிமேல்தான் நடக்கப் போகிறது என்று தெரிந்தால் அதிர்ஷ்டம். வேலைக்கு முன்னும் பின்னும், வேலை நடக்கும் ஏரியிலும் நடக்காத ஏரியிலும் அளக்கலாம். மழை குறைந்ததால் வந்த மாற்றம் இரண்டு ஏரியிலும் தெரியும். வேலையால் வந்த மாற்றம் ஒன்றில்தான் தெரியும்.

நாட்காட்டி, அனுமதி

ஆய்வுத் திட்டம் பெரும்பாலும் நான்காம் பருவத்தில், டிசம்பர் கடைசி முதல் ஏப்ரல் வரை வரும். வடகிழக்குப் பருவமழையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை நிறையும் ஏரி, நீங்கள் கையெழுத்து வாங்கி இறங்கும்போது வற்றத் தொடங்கியிருக்கும். ஆகவே "பருவகால மாறுபாடு" என்ற சொல்லைத் தலைப்பில் போடாதீர்கள். நீங்கள் பார்ப்பது வற்றும் காலத்தை மட்டும்தான். மழைக்கு முந்தைய நிலையும் வேண்டுமென்றால் ஜூலையிலேயே மூன்றாம் பருவத்தில் முதல் சுற்று அளவெடுத்துவிட வேண்டும்.

அனுமதிக்கு யாரிடம் போவது என்பது ஆயக்கட்டைப் (ஏரி பாசனம் தரும் நிலப்பரப்பைப்) பொறுத்தது. பொதுவாக 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை நீர்வளத் துறையின் பொறுப்பு; அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. வேடந்தாங்கல், கரிக்கிலி போலச் சரணாலயமான ஏரி என்றால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். அது மாதக்கணக்கில் இழுக்கும். நான்கு மாத ஆய்வுக்குச் சரணாலயத்தைத் தவிர்ப்பதே புத்திசாலித்தனம்.

தாளில் வராத அனுமதி இன்னொன்று. மீன்பாசி குத்தகை எடுத்தவரிடமும், மதகு திறக்கும் நீர்க்கட்டியிடமும் முதல் நாளே பேசிவிடுங்கள். வலையோடும் பாட்டிலோடும் திரிபவரைக் குத்தகைதாரர் சந்தேகப்படுவது இயல்பு. எந்த ஆண்டு மண் எடுத்தார்கள், எந்த மூலையில் ஆழம், கலுங்கு கடைசியாக எப்போது வழிந்தது என்ற செய்தி எந்தக் கோப்பிலும் இல்லாமல் நீர்க்கட்டியின் நினைவில் இருக்கும். ஆழம் பற்றிய செய்தி உயிர் விஷயம்: வண்டல் எடுத்த குழி நீருக்கடியில் செங்குத்தாக இறங்கும், மேலே நின்று பார்த்தால் தெரியாது. தனியாக இறங்காதீர்கள், மிதவைச் சட்டை போடாமலும் இறங்காதீர்கள்.

நீர்: ஆக்சிஜனை மட்டும் ஒழுங்காக அளந்தால்கூடப் பாதி வேலை முடிந்தது

கரைந்த ஆக்சிஜனுக்கு மீட்டர் இருந்தாலும் விங்க்ளர் முறையைக் கையால் செய்யத் தெரிந்திருக்க வேண்டும். மீட்டர் பொய் சொல்கிறதா என்று பார்க்க அதுதான் வழி. 300 மி.லி. பி.ஓ.டி. (நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கச் செலவிடும் ஆக்சிஜன்) பாட்டிலைச் சாய்வாக நீருக்குள் அமிழ்த்தி, குமிழி எழாமல் மெல்ல நிரப்புங்கள். வாளியில் மொண்டு ஊற்றினால் ஊற்றும் வேகத்திலேயே காற்று கரைந்து அளவு ஏறிவிடும். நிரம்பிய பாட்டிலில் மாங்கனஸ் சல்பேட் 2 மி.லி., கார அயோடைடு-அசைடு கரைசல் 2 மி.லி.; இரண்டையும் பிப்பெட் நுனி நீருக்குள் இருக்கும்படி விடுங்கள். மூடியைப் போட்டதும் கழுத்தில் குமிழி நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அந்த மாதிரியைக் கொட்டிவிட்டு மறுபடி எடுக்க வேண்டியதுதான். பாட்டிலைப் பதினைந்து தடவையாவது தலைகீழாகத் திருப்பிக் கலக்கினால் பழுப்பு வீழ்படிவு வரும். வெள்ளையாகவே நின்றால் நீரில் ஆக்சிஜன் இல்லை என்று பொருள். சாக்கடை கலக்கும் மூலையில் விடியற்காலையில் இந்த வெள்ளையைப் பார்க்க நேரலாம்.

படிவு பாதிக்கு இறங்கியதும் அடர் கந்தக அமிலம் 2 மி.லி. விட்டுக் கலக்க, படிவு கரைந்து மஞ்சள் நிறம் வரும். இந்த நிலையில் பாட்டிலை வெயில் படாமல் வைத்து, சில மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்த் தரம்பார்க்கலாம் (வலு தெரிந்த கரைசலை நிறம் மாறும்வரை சொட்டுச் சொட்டாக விட்டு அளப்பது). 203 மி.லி. எடுத்து 0.025 நார்மல் சோடியம் தயோசல்பேட்டால் தரம்பாருங்கள். 200 என்று வட்டமாக இல்லாமல் 203 என்று இருப்பது, நீங்கள் விட்ட 4 மி.லி. கரைசல் அதே அளவு நீரை வெளியே தள்ளியதை ஈடுகட்டத்தான். இப்படி எடுத்தால் செலவான தயோசல்பேட் ஒவ்வொரு மி.லி.யும் லிட்டருக்கு 1 மி.கி. ஆக்சிஜன், வேறு கணக்கே வேண்டாம்.

கெடுவது பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில். மஞ்சள் வெளிறி வைக்கோல் நிறம் ஆகும்வரை ஸ்டார்ச் சேர்க்கக் கூடாது. முன்னதாகச் சேர்த்தால் அயோடினை அது இறுகப் பிடித்துக்கொண்டு முடிவுநிலை தாமதமாகும். நீலம் முதல் தடவை மறையும் இடமே அளவு. சற்று நேரத்தில் நீலம் திரும்பினால் கண்டுகொள்ளாதீர்கள். தயோசல்பேட் வைக்க வைக்க வலுவிழக்கும். அலமாரியில் போன பருவத்தில் கலக்கி வைத்ததை அப்படியே எடுத்தால் எல்லா ஏரியும் அமோகமாகத் தெரியும். ஆகவே தரம்பார்க்கும் அன்றே பொட்டாசியம் டைகுரோமேட்டால் அதன் வலுவைச் சரிபாருங்கள்.

எப்போது அளந்தீர்கள் என்பது எவ்வளவு என்பதற்குச் சமமான முக்கியம். 30 டிகிரியில் நன்னீர் காற்றிலிருந்து தாங்கக்கூடிய ஆக்சிஜன் லிட்டருக்கு ஏறத்தாழ 7.6 மி.கி.தான். பிற்பகல் 2 மணிக்கு 12 வந்தால் மாணவர் மகிழ்ந்து "நீர் மிகத் தூய்மை" என்று எழுதிவிடுகிறார். உண்மையில் பாசி பெருகி ஒளிச்சேர்க்கையில் ஆக்சிஜனைக் கொட்டுகிறது. அதே பாசி இரவெல்லாம் சுவாசித்து விடியலுக்குள் அளவை 2க்கு இறக்கிவிடக்கூடும். மீன் செத்து மிதப்பது விடியலில்தான். பாசி பகலில் கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் பி.எச். அளவும் பிற்பகலில் 9ஐத் தாண்டும். ஒவ்வோர் இடத்திலும் சூரிய உதயத்துக்கு முன் ஒன்று, பிற்பகலில் ஒன்று என அளந்தால், தனித்தனி எண்களைவிட அந்த இடைவெளி ஏரியின் நிலையைத் தெளிவாகச் சொல்லும்.

மற்ற அளவுகளில் கவனிக்க வேண்டியவை சில. பி.எச்., வெப்பநிலை, மின்கடத்துதிறன் மூன்றையும் களத்திலேயே எடுங்கள். மின்கடத்துதிறன் மீட்டரை 0.01 மோலார் பொட்டாசியம் குளோரைடில் சரிபார்த்தால் 25 டிகிரியில் 1413 மைக்ரோசீமென்ஸ் காட்ட வேண்டும். பாஸ்பேட் பாட்டிலை சோப்புத்தூள் போட்டுக் கழுவினால் சோப்பின் பாஸ்பேட்டைத்தான் அளப்பீர்கள். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் வடிநீரும் போதும். பி.ஓ.டி. இந்தியத் தரநிலைப்படி 27 டிகிரியில் 3 நாள்; வெளிநாட்டுப் பாடநூல்களில் 20 டிகிரியில் 5 நாள். இரண்டையும் ஒரே அட்டவணையில் போடாதீர்கள். காத்திருப்பு முடியும்போது ஆக்சிஜன் குறைந்தது 2 மி.கி. இறங்கியிருக்க வேண்டும், 1 மி.கி.யாவது மிஞ்சியிருக்க வேண்டும். இல்லையென்றால் நீர்த்தல் விகிதம் தவறு.

முடிவை எதோடு ஒப்பிடுவது? பாசன ஏரி நீரை ஐ.எஸ். 10500 குடிநீர்த் தரத்தோடு ஒப்பிட்டு "எல்லை மீறியது" என்று எழுதுவது நீண்டநாள் வியாதி. அந்த நீரை யாரும் அப்படியே குடிப்பதாக இல்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பயன்பாட்டு வகைப்பாட்டைப் பாருங்கள்: குளிக்க ஆக்சிஜன் 5க்குக் குறையாமலும் பி.ஓ.டி. 3க்கு மிகாமலும், மீனுக்கும் வன உயிருக்கும் ஆக்சிஜன் 4க்குக் குறையாமலும், பாசனத்துக்கு மின்கடத்துதிறன் 2250க்கு மிகாமலும் இருக்க வேண்டும்.

தாவரம்: சட்டத்தை வீசி எறியாதீர்கள்

கண்ணை மூடிக்கொண்டு குவாட்ரட் சட்டத்தை (செடிகளை எண்ணத் தரையில் வைக்கும் சதுரச் சட்டம்) எறிந்தால் அது தற்செயல் தேர்வாகிவிடாது. கை எட்டும் இடத்தில், முள் இல்லாத பக்கம்தான் விழும். ஏரியில் ஈரம் நீர்விளிம்பிலிருந்து உள்வாய் மேடு வரை படிப்படியாகக் குறைகிறது. எனவே நீர்விளிம்புக்குச் செங்குத்தாகக் கோடுகள் போட்டு, 5 மீட்டருக்கு ஒரு குவாட்ரட் வையுங்கள். கோடு தொடங்கும் இடங்களை மட்டும் தற்செயல் எண்களால் தேர்ந்தெடுங்கள். செடிக்கும் புல்லுக்கும் 1×1 மீட்டர், புதருக்கு 5×5, மரத்துக்கு 10×10. ஓரத்தில் நிற்கும் செடிக்கு ஒரு விதி வேண்டும்: இடது, கீழ் விளிம்புகளில் வேர் இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள், வலது, மேல் விளிம்புகளில் இருந்தால் விட்டுவிடுங்கள். அருகம்புல்லையும் கோரையையும் எண்ண முயல வேண்டாம், தனிச்செடி எது என்று பிரிக்கவே முடியாது. பரப்பு விழுக்காடாக எழுதுங்கள்.

மரம் அளப்பதில் சீமைக்கருவேலம் பலரையும் ஏமாற்றும். நெஞ்சுயரம் 1.37 மீட்டர், ஆனால் இந்த மரம் அதற்குக் கீழேயே இரண்டு மூன்றாகப் பிரியும். 30 செ.மீ., 40 செ.மீ. சுற்றளவில் இரண்டு தண்டு என்று வைத்துக்கொள்வோம். அடிப்பரப்பு என்பது சுற்றளவின் வர்க்கத்தை 12.57ஆல் வகுப்பது. தண்டு ஒவ்வொன்றுக்கும் தனியே கணக்கிட்டுக் கூட்டினால் 199 சதுர செ.மீ. சுற்றளவுகளை முதலில் கூட்டி 70 என்று போட்டால் 390. அப்படிச் செய்தால் முக்கியத்துவ மதிப்புக் குறியீட்டில் (ஓர் இனத்தின் எண்ணிக்கை, பரவல், அடிப்பரப்பு மூன்றின் பங்கையும் கூட்டியது) சீமைக்கருவேலம் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். ஏரியை அது விழுங்கிவிட்டதாக உங்கள் அட்டவணை சொல்லும். விழுங்கியும் இருக்கலாம். ஆனால் அதைச் சரியான எண் சொல்ல வேண்டும்.

பெயர் தெரியாத செடியைப் பூவோடு பறித்து, நாளிதழில் அழுத்தி, தாளைத் தினமும் மாற்றுங்கள். ஈரம் நின்றால் பூஞ்சை பிடிக்கும். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்தில் உள்ள உலர்தாவரத் தொகுப்போடு ஒப்பிட்டு உறுதி செய்யலாம். கைபேசிச் செயலி சொன்ன பெயரை அப்படியே எழுதாதீர்கள், கோரை இனங்களில் அது அடிக்கடி தடுமாறும்.

பறவை, செயற்கைக்கோள்

பறவைக் கணக்குக்குக் கரைமேல் நிலையான இடங்களைக் குறித்துக்கொண்டு, காலையில், வெயில் முதுகுப்பக்கம் படும்படி நின்று, இடமிருந்து வலமாக ஒரே ஓட்டத்தில் எண்ணுங்கள். ஒவ்வொரு தடவையும் அதே நேரம், அதே ஆள், அதே 15 நிமிடம். ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்போடு ஒரு நாளைப் பொருத்திக்கொண்டால் ஒப்பிடப் பிற ஏரிகளின் தரவும் கிடைக்கும். பிப்ரவரி, மார்ச்சில் நத்தைகுத்தி நாரையும் கொக்கும் கூடுவதைப் பார்த்து ஏரி தேறிவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். நீர் சுருங்கும்போது மீனும் நத்தையும் ஒரே இடத்தில் ஒதுங்குகின்றன. விருந்துக்கு வந்த கூட்டம் அது. எண்ணிக்கையோடு அன்றைய நீர்ப்பரப்பையும் ஹெக்டேரில் பதிவு செய்யுங்கள்.

அந்த நீர்ப்பரப்பை சென்டினல்-2 படங்களிலிருந்து இலவசமாக எடுக்கலாம்: 10 மீட்டர் துல்லியம், ஏறத்தாழ 5 நாளுக்கு ஒரு படம். பச்சைப் பட்டையிலிருந்து அகச்சிவப்புப் பட்டையைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் நீர்க் குறியீடு. மூன்றாம் பட்டையும் எட்டாம் பட்டையும் வேண்டும். கியூஜிஸ் மென்பொருளில் அரைமணி நேர வேலை. இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஆகாயத்தாமரை மூடிய நீர் இந்தக் குறியீட்டில் நிலமாகத்தான் தெரியும். வரைபடம் "ஏரி 40 விழுக்காடு சுருங்கிவிட்டது" என்று சொன்னால், சுருங்கியது நீரா, தெரிகிற நீரா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள். நவம்பரில் மேகமில்லாத படம் கிடைப்பது அபூர்வம்; கிடைத்த தேதிகளை வைத்துத்தான் திட்டமிட வேண்டும்.

கணக்கு

விரிதாளில் ஒரு வரிக்கு ஒரு பதிவு: தேதி, ஏரி, இடம், இனம், எண்ணிக்கை. இல்லை என்பதற்குச் சுழியம், அளக்கவில்லை என்பதற்கு வெற்றிடம். இரண்டையும் குழப்பினால் சராசரி முழுக்கப் பாழ். ஒரே இனத்தின் பெயரை மூன்று விதமாக எழுதியிருந்தால் மென்பொருள் அதை மூன்று இனமாக எண்ணும்; ஏரியின் பல்லுயிர் வளம் எழுத்துப்பிழையால் பெருகும்.

இனங்களின் பன்மையை ஒரே எண்ணில் சொல்லும் ஷானன் குறியீட்டை ஒரு தடவையாவது கையால் போட்டுப் பாருங்கள். நான்கு இனம், 40, 30, 20, 10 செடிகள். பங்குகள் 0.4, 0.3, 0.2, 0.1. ஒவ்வொன்றையும் அதன் இயல் மடக்கையால் பெருக்கிக் கூட்டிக் குறியை மாற்றினால் 1.28. நான்கும் சமமாக இருந்தால் 1.39 வந்திருக்கும், ஆக இனங்களுக்கிடையே சமநிலை, அதாவது முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தது, 0.92. 10ஐ அடியாகக் கொண்ட மடக்கையில் போட்டவர்க்கு 0.56 வரும், எந்த அடி என்று எழுதாத எண்ணை யாரோடும் ஒப்பிட முடியாது. "3க்கு மேல் என்றால் தூய நீர்" என்று பல ஆய்வேடுகளில் சுற்றிவரும் விதியை நம்ப வேண்டாம். மாதிரி அளவு கூடினாலே குறியீடு ஏறும். மாதிரி கூடக் கூட எத்தனை இனம் சேர்கிறது என்று காட்டும் இன எண்ணிக்கை வளைவு தட்டையாகியதா என்று முதலில் காட்டுங்கள். ஆர் மென்பொருளின் வீகன் தொகுப்பு இதையெல்லாம் செய்யும்.

பரிந்துரை

மேலாண்மைப் பட்டத்துக்கான ஆய்வு என்றால் கடைசி அத்தியாயம் ஒப்புக்கு எழுதுவதாக இருக்கக் கூடாது. பரிந்துரை ஒவ்வொன்றுக்கும் மூன்று கேட்க வேண்டும்: உங்கள் தரவின் எந்த எண் இதைக் கோருகிறது, யார் செய்வார், எந்த மாதத்தில். "ஆகாயத்தாமரையை அகற்ற வேண்டும்" என்பது பரிந்துரை ஆகாது. ஊட்டச்சத்து வரத்து நிற்காதவரை, இரண்டு வாரத்தில் பரப்பு இரட்டிப்பாகக்கூடிய செடி அது. பொக்லைன் போன வழியே திரும்பி வரும். சாக்கடை நுழையும் இடத்தில் பாஸ்பேட் எவ்வளவு, ஏரி நடுவில் எவ்வளவு என்று அளந்திருந்தால் எதை முதலில் மறிக்க வேண்டும் என்று சொல்லலாம். தூர்வாரச் சொன்னால் மே மாதத்துக்குள், முழுப்பரப்பையும் ஒரே ஆண்டில் சுரண்டாமல், கரையோரச் சரிவை மென்மையாக விட்டு என்று சேர்த்து எழுதுங்கள். செங்குத்தாக வெட்டிய ஓரத்தில் கோரையும் நிற்காது, உள்ளானும் நடக்காது. சீமைக்கருவேலத்தை வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும், வேரோடு எடுக்க வேண்டும். ஆனால் பறவை கூடு கட்டியிருக்கும் மரத்தைக் கூட்டுக்காலம் முடிவதற்குள் தொடக் கூடாது, அதற்குப் பதில் நிற்கும் மரம் எது என்றும் சொல்லியாக வேண்டும்.

சட்டத்தை மேற்கோள் காட்டும்முன் வரையறைப் பகுதியைப் படியுங்கள். 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகள் இந்த ஏரிக்குப் பொருந்தும் என்று எழுதிவிடுகிறார்கள். பாசனத்துக்கென்றே மனிதர் கட்டிய நீர்நிலைகளை அந்த விதிகளின் வரையறை விலக்கிவைக்கிறது. பன்னாட்டு முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் உள்ள ஏரிகளின் நிலை வேறு. ஆக்கிரமிப்பு உங்கள் பிரச்சினை என்றால் 2007ஆம் ஆண்டு தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்தைப் பார்க்க வேண்டும்; அது நீர்வளத் துறை ஏரிகளுக்கானது, ஊராட்சி ஏரிக்கு வழி வேறு.

ஆய்வேடு ஏப்ரலில் முடியும்; மே 1 அன்று கிராம சபை கூடும். இடங்களைக் குறித்த வரைபடம் ஒன்றும், விடியற்காலை ஆக்சிஜன் அளவுகளும், மூன்று பரிந்துரையும் அடங்கிய இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கத்தை அதற்கு முன்பே ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கிப் பின்னிணைப்பில் சேர்த்துவிடுங்கள்.